பிரஷர்காரர் கழுத்தில் வெளுத்த சங்கிலி

என் அண்ணனைக் குடிகாரன் என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணி வைத்திருக்கிறேன். அவருடைய முதலாளி, அண்ணி, அண்ணியின் தம்பி, மாடி வீட்டு அம்மா, மருந்துக்கடைக்காரர். ஆறாவது ஆள் நான். மற்ற ஐந்து பேரையும் நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அந்த ஆறாவது ஆளைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. தினமும் காலையில் கண்ணாடிக்குள் வந்து நிற்கிறாள்.

அண்ணனுடைய வேலை பலருக்கும் தெரியாத வேலை. டாக்டர் மேசையில் ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கினால் நிமிர்ந்து நிற்குமே, நடுவில் கண்ணாடிக் குழாய் இருக்குமே, கையில் பட்டையைச் சுற்றி அமுக்க அமுக்க அதில் பாதரசம் ஏறுமே, அந்தக் கருவிகளைப் பழுது பார்ப்பவர். பேட்டரியில் ஓடும் மெஷின் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் பழைய டாக்டர்கள் பலர் அதை நம்புவதில்லை. ஊரில் உள்ள கிளினிக்குகளிலிருந்து கருவிகள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அண்ணன் வேலை பார்க்கும் கடைக்கு வரும். குழாயைக் கழற்றிக் கழுவுவார். கறுத்துப்போன பாதரசத்தை மெத்தென்ற ஒரு தோல் துண்டில் ஊற்றி, மூட்டை கட்டுவது போல முறுக்கிப் பிழிவார். அழுக்கு தோலிலேயே நின்றுவிடும். சுத்தமான பாதரசம் பொடிப்பொடி மணியாக அடியில் உள்ள கிண்ணத்தில் விழும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவர் பிழைப்பு.

அதனால் தெருவில் அவருக்குப் பெயர் பிரஷர்காரர். ஆனால் பிரஷர் என்பது அவர் உடம்பிலேயே கிடையாது. பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் இவர் மன்னிப்புக் கேட்பார். எங்கள் குடும்பத்தின் பிரஷர் மொத்தமும் எனக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. துணி தைக்கும் கம்பெனியில் நாற்பது மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்தி வேலை வாங்கும் சூப்பர்வைசர் நான். என் வீட்டுக்காரர் என்னை 'குக்கர்' என்றுதான் கூப்பிடுவார். மூன்று விசில் அடங்கும் வரை பக்கத்தில் வர மாட்டார்.

அப்படிப்பட்ட அண்ணனுக்குப் போன வருடம் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ டம்ளர் தட்டில் படபடவென்று அடித்தது. பிறகு பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எதையாவது எடுக்க அடுத்த அறைக்குப் போவார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பார். எல்லாவற்றுக்கும் மேல், சள்ளென்று விழ ஆரம்பித்தார். இவரா என்று அண்ணி விக்கித்துப் போவாள். அடுத்த நிமிடமே இவர் கூசிப்போய் மூலையில் உட்கார்ந்துகொள்வார். யார் வந்தாலும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளி அண்ணிக்குப் போன் போட்டார். "உங்க வீட்டுக்காரர் கை ஒரு நிலையில இல்லம்மா. ஒரு வாரத்துல ரெண்டு குழாய் போட்டு உடைச்சிட்டார். நான் எதுவும் சொல்லல, நீங்களே புரிஞ்சுக்குங்க. வீட்ல கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்றார். எதுவும் சொல்லாமலே எவ்வளவு சொல்லிவிட்டார் பாருங்கள்!

அண்ணி அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். நான் நேராக அண்ணனிடம் போனேன். "இல்லம்மா, நான் தொடக்கூட இல்ல" என்றார். குரல் நடுங்கியது, கை நடுங்கியது, கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. பொய் சொல்கிறவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியுமல்லவா? கம்பெனியில் தினம் பத்துப் பேரைப் பார்க்கிறேனே! "அண்ணா, குடிக்கிற எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க" என்றேன். என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

மகளுக்குக் கல்யாணமாகிப் போன பிறகு அந்த வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான். ஒரு நாள் அண்ணி என் எதிரிலேயே சொன்னாள்: "குடிக்கலன்னா ஓவர்டைம் பணம் எல்லாம் எங்கங்க? கண்ணுல காட்டுங்க. கழுத்துல ஒரு செயின் வாங்கிப் போட்டுக்குங்க. அது கழுத்துல இருக்கிற வரைக்கும் நான் இந்த வீட்ல இருப்பேன். அது போன அன்னைக்கு நானும் போயிடுவேன்."

கல்யாண மோதிரம் மகளின் படிப்போடு போனது. அதற்குப் பிறகு அண்ணன் உடம்பில் ஒரு குண்டுமணித் தங்கம் இருந்ததில்லை. பணத்தை அவர் குடிக்கவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. மகளுக்கு ஒரு தையல் மெஷின், வீட்டுக்கு ஒரு கூரை என்று சொல்லாமல் கொள்ளாமல் சேர்த்து வைத்திருந்தார். "சரி, வாங்கிடலாம்" என்றார். நம்பிக்கைக்கு விலை கேட்கிறார்களே என்று கோபப்படக்கூட அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை.

கடைக்கு நான் கூடப் போனேன். தனியாக அனுப்பினால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள். அரைக்கத்தான் பார்த்தார்கள். கவுன்ட்டரில் இருந்தவன் கட்டைவிரல் பருமனில் முறுக்குச் சங்கிலி ஒன்றை எடுத்து அண்ணன் நெஞ்சில் வைத்து, "ஜம்முனு இருக்கு சார்! ரெண்டே பவுன்தான். பார்த்தா நாலு பவுன் மாதிரி இருக்கும்" என்றான்.

"ரெண்டு பவுன் எப்படிங்க நாலு பவுன் மாதிரி இருக்கும்? உள்ள காத்தா?" என்றேன்.

நான் சங்கிலியை வாங்கி உள்ளங்கையில் பொத்தென்று போட்டுப் பார்த்தேன். தகரம் போல விழுந்தது. உள்ளே பொள்ளல். ஒரு தடவை சட்டைக் காலரில் மாட்டி இழுத்தால் நசுங்கிவிடும், நசுங்கினால் எந்தக் கொம்பனாலும் நிமிர்த்த முடியாது. "எங்களை என்ன ஒண்ணும் தெரியாத பாப்பான்னு நினைச்சீங்களா? கெட்டியா உள்ளதை எடுங்க" என்றேன். பக்கத்தில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அண்ணன் என் முழங்கையை மெல்ல இழுத்தார்.

பதினெட்டு சங்கிலி பார்த்தோம். பார்த்தோம் என்ன, நான் பார்த்தேன். சட்டையைப் புரட்டித் தையல் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வளையத்தையும் புரட்டிப் பற்றவைத்த இடத்தைப் பார்த்தேன். அண்ணன் முன்கையின் மேல் இழுத்து, மயிர் சிக்குகிறதா என்று பார்த்தேன். ஆண்கள் கழுத்துக்கு அது முக்கியம், இல்லாவிட்டால் நாள் முழுக்கச் சுரண்டிக்கொண்டே இருப்பார்கள். கொக்கியை இருபது முறை திறந்து மூடினேன். 'எஸ்' கொக்கி வேண்டாம் என்று சொன்னேன், அண்ணன் நடுங்குகிற கையால் மாட்ட ஏதுவாக ஸ்பிரிங் வைத்த பெரிய கொக்கியாகக் கேட்டேன். கடைசியில் தட்டையான பெட்டி வளையத்தில், இருபத்திரண்டு அங்குல நீளத்தில் ஒன்று அமைந்தது. பதினாறு கிராமும் சொச்சமும். சட்டைக்குள் போட்டால் தெரியாது, முதல் பட்டனைத் திறந்தால் தெரியும். அண்ணன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். வெட்கம் வந்துவிட்டது அவருக்கு, ஐம்பது வயதில்!

கவுன்ட்டர்காரன் பராமரிப்பு சொன்னான். குளிக்கும்போது கழற்ற வேண்டும், போட்ட பிறகு சென்ட் அடிக்கக்கூடாது, வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், அதுவும் வாஷ்பேசினில் வேண்டாம், கிண்ணத்தில் செய்ய வேண்டும், அப்போதுதான் கை தவறினால் குழாய்க்குள் போகாது. "தினமும் மெத்துனு இருக்கிற தோல் துணியால துடைச்சா பளபளப்பு போகவே போகாது சார். நாங்களே விக்கிறோம்" என்றான்.

"அது என்கிட்ட இருக்கு" என்றார் அண்ணன். கடைக்குள் அவர் வாய் திறந்து பேசியது அந்த ஒன்றுதான்.

நான் வேறு என் பங்குக்குச் சட்டம் போட்டேன். "வேலை செய்யறப்ப கழுத்துல இருக்கக் கூடாது. வேர்வை படும், குனிஞ்சா எதுலயாவது மாட்டும். கழட்டி டிராயர்ல வைங்க, கிளம்பறப்ப போட்டுக்குங்க." அவர் பள்ளிப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார்.

மூன்று வாரம் வீடு நிம்மதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிண்ணமும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அதைக் குளிப்பாட்டுவாராம். அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்து நான் பார்த்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது.

நாலாவது வாரம் சங்கிலி வெளுக்க ஆரம்பித்தது. கொக்கிக்குப் பக்கத்தில் நாலு வளையம் முதலில் சாம்பல் பூத்தது. துடைத்தார். மறுநாள் பத்து வளையம். இன்னும் அழுத்தித் துடைத்தார். வாரக் கடைசியில் பாதிச் சங்கிலி வெள்ளி போல வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அண்ணி அதைப் பார்த்தாள். அவள் தம்பியைக் கூப்பிட்டாள். அந்த மகாராஜன் வந்து சங்கிலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது கவரிங்க்கா. முலாம் போயிருக்கு. நெஜத்தை வித்துக் குடிச்சிட்டு இதை வாங்கி மாட்டியிருக்கார்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். பெரிய நீதிபதி! கவரிங்கின் முலாம் போனால் செம்பு தெரியும், வெள்ளை தெரியுமா என்று கேட்க அங்கே ஒருவருக்கும் புத்தி இல்லை.

அண்ணி அன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "குடிச்சதைக் கூட மன்னிச்சிருப்பேன். என்னை முட்டாளாக்கினீங்களே!" என்றாளாம்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். சங்கிலி மடியில் கிடந்தது. "எனக்குத் தெரியலம்மா. நான் எதையும் மாத்தல. நான் நல்லாத்தான் பார்த்துக்கிட்டேன்" என்றார்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. அந்தச் சங்கிலியைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். "இதைக் கடையில காட்டப் போறேன். கடைக்காரன் ஏமாத்தியிருந்தா அவன் கடை இன்னைக்கு நாறப்போகுது. நீங்க ஏமாத்தியிருந்தா இனிமே உங்களுக்குத் தங்கச்சி கிடையாது" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

கடையில் நான் போட்ட சத்தத்தில் ஏ.சி. நின்றுவிட்டது என்றுகூட நினைத்தேன். கவுன்ட்டர்காரன் பயந்துபோய் என்னைப் பின்பக்கம் ரிப்பேர் மேசைக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு பத்தர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். கண்ணில் மாட்டும் சிறு பூதக்கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு மோதிரத்தை ராவிக்கொண்டிருந்தார். நான் சங்கிலியை அவர் முன்னால் வீசினேன்.

அவர் கோபப்படவில்லை. எடுத்துத் தராசில் வைத்தார். பில்லை வாங்கிப் பார்த்தார். மறுபடி தராசைப் பார்த்தார்.

"அக்கா, தங்கத்தை மாத்தியிருந்தா எடை மாறிக் குறையணும். இது கூடியிருக்கு. அரைக் கிராமுக்கு மேல கூடியிருக்கு. முத்திரை எங்க கடை முத்திரைதான். உங்க சங்கிலிதான் இது."

"அப்ப ஏங்க வெளுத்திருக்கு?"

வெளுத்த இடத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளே மஞ்சள் தெரிந்தது. பிறகு ஒரு வளையத்தை இரண்டு விரலால் லேசாக வளைத்தார். பிஸ்கட் மாதிரி முறிந்தது. சட்டென்று சங்கிலியை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"பாதரசம் குடிச்சிருக்கு. தங்கத்தைக் கண்டா பாதரசம் விடாது. உள்ள போயிடும். இதை நெருப்புல காட்டினா தங்கம் பழையபடி மஞ்சளாயிடும், ஆனா அந்தப் புகை என் நெஞ்சுக்குள்ள போகும். நான் செய்ய மாட்டேன். வீட்ல காய்ச்சல் பார்க்கிற குச்சி எதுவும் உடைஞ்சுதா?"

"இல்ல. எங்க அண்ணன் பிரஷர் மெஷின் ரிப்பேர் பண்றவர்."

பத்தர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அவருக்குக் கை நடுங்குதா?" என்று கேட்டார்.

அந்த மனுஷன் அண்ணனைக் கண்ணால் கண்டதில்லை.

"எங்க தொழில்ல பாதரசம் வெச்சு முலாம் பூசுறவங்க இருந்தாங்க அக்கா. எங்க சித்தப்பா ஒருத்தர். கை நடுங்கும், மறதி, சட்டுனு கோபம் வரும், அப்புறம் யார் முகத்தையும் பார்க்கக் கூச்சப்படுவார். குடிகாரர்னுதான் எல்லாரும் சொன்னாங்க. அவர் மோர் கூடப் புளிச்சா குடிக்க மாட்டார். உங்க அண்ணனை உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. முதல்ல அந்த எடத்தை விட்டு வெளிய கொண்டு வாங்க."

நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் எழுந்தேன். எழுந்தபோது மூன்றாவது விசில் வந்துவிட்டது.

நேராக அண்ணன் வேலை பார்க்கும் கடைக்குப் போனேன், அவரும் அதற்குள் வேலைக்கு வந்திருந்தார். அந்தக் கடைக்குள் நான் அதுவரை நுழைந்ததே இல்லை. முன்பக்கம் கண்ணாடி, விளக்கு, சோபா எல்லாம் இருந்தது. பின்பக்கம் ஒரு குறுகிய நடை, அதன் கடைசியில் ஒரு அறை. இருபது வருடம் அண்ணன் கொல்லைப்புறம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் முன்பக்கத்தை அழகுபடுத்துகிறேன் என்று, இந்த ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டிருக்கிறார்கள். ஒரு மேசை, ஒரு டியூப் லைட், கூரை வரை அட்டைப்பெட்டி. ஜன்னல் கிடையாது. சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது, அதன் ஒயர் அறுந்து தொங்கியது. நான் போனில் டார்ச்சைப் போட்டுத் தரையில் சாய்த்துப் பிடித்தேன். சிமென்ட் வெடிப்பு ஒவ்வொன்றிலும், மேசைக் கால் ஓரத்தில், அவர் செருப்பு விடும் இடத்தில், பொடிப்பொடியாகப் பாதரசம் மினுமினுத்தது.

"எதால துடைச்சீங்கண்ணா அந்தச் சங்கிலிய?" என்றேன்.

அவர் டிராயரைத் திறந்து ஒரு தோல் துண்டை எடுத்துக் காட்டினார். "இருக்கறதுலயே மெத்துனு உள்ளது இதும்மா. பழசு. பிழிஞ்சு பிழிஞ்சு பட்டு மாதிரி ஆயிடுச்சு. வேலை நேரத்துல இதுலதான் சுத்தி வெச்சிருந்தேன். மத்தியானம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை துடைப்பேன். ஒரு நாள் கூட விட்டதில்ல."

அடப் பாவமே! வெளுக்க வெளுக்க அழுத்தி அழுத்தி அதே தோலால் துடைத்திருக்கிறார். கழற்றி டிராயரில் வை என்று சட்டம் போட்டது நான். எனக்கு அழுகை வந்தது. அழுதால் கோபம் குறைந்துவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதற்குள் முதலாளி வந்து வாசற்படியில் நின்றார். "என்னம்மா, இங்க என்ன சத்தம்?"

"உள்ள வாங்க சார். வந்து தரையைப் பாருங்க."

"இங்கிருந்தே பேசுங்க, பரவாயில்ல."

"உங்க கடைதானே? ஏன் உள்ள வர மாட்டீங்க?"

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அண்ணன் எப்போதும் போல யார் மனமும் நோகாத குரலில், "சார் உள்ள வர மாட்டார்ம்மா. வந்தாலும் மோதிரம் எல்லாம் கழட்டி முன்னாடி மேசையில வெச்சுட்டுத்தான் வருவார். கழுவறதுக்குத் தண்ணி படும்ல" என்றார். பாவம், தண்ணீர் படும் என்று நினைத்திருக்கிறார் இத்தனை வருடமும்!

நான் அந்த ஆளின் கையைப் பார்த்தேன். நாலு மோதிரம். நாலும் மஞ்சள் மஞ்சேளென்று இருந்தது.

"மோதிரம் வெளுக்கும்னு உங்களுக்குத் தெரியும். மனுஷன் கை நடுங்கும்னு தெரியாதா?" என்றேன்.

"குரலைத் தாழ்த்திப் பேசுங்க, முன்னாடி கஸ்டமர் இருக்காங்க."

"இருக்கட்டும்யா! கேட்கட்டும்! நாலு மோதிரத்தைக் கழட்டி வெக்கத் தெரிஞ்சவருக்கு, ஒரு ஃபேன் ஒயரை ஒட்டத் தெரியலையா? என் அண்ணனை இந்தப் பொந்துக்குள்ள உட்கார வெச்சுட்டு, எங்க அண்ணிக்குப் போன் போட்டுக் குடிகாரர்னு சொன்னியே, உன் வாய் வேகாதா?"

"நான் குடிகாரர்னு சொல்லலையே. புரிஞ்சுக்குங்கன்னுதான் சொன்னேன்."

அப்போது நான் என்னென்ன பேசினேன் என்று எழுதினால் அச்சில் போட மாட்டார்கள். முன்பக்க சோபாவில் இருந்த இரண்டு டாக்டர்கள் எழுந்து வந்து கேட்டார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அதில் வயதானவர் அண்ணனைக் கையை நீட்டச் சொன்னார். விரல்கள் காற்றில் ஆடின. அவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு சீட்டில் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அண்ணனைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் திரும்பி, "சார், மூணாவது பெட்டியில பாதி முடிச்சிருக்கேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே ஒரு அறை விட்டிருப்பேன்.

ஒரு வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. சிறுநீரில் பாதரசம் இருக்கக்கூடிய அளவைப் போல எட்டு மடங்கு. அந்த இடத்துக்கு இனி போகவே கூடாது, மருந்து இருக்கிறது, நடுக்கம் குறையும், ஆனால் முழுக்கப் போகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். தொழிலாளர் ஆபீசில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த ஸ்டோர் ரூமைப் பூட்டிச் சீல் வைத்திருக்கிறார்கள். முதலாளி இரண்டு முறை வீட்டுக்கு ஆள் அனுப்பினார், நான் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அந்தக் கதை நடக்கிறது, நடக்கட்டும். நான் விடுவதாக இல்லை.

ரிசல்ட் வந்த அன்றே அண்ணியைப் போய்க் கூட்டி வந்தேன். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அவள் அந்தக் காகிதத்தைப் படித்துப் படித்து அழுதாள். நானும்தான். எங்கள் இருவருக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, சொன்னால் வெட்கக்கேடு. குடிக்கவில்லை, வியாதிதான் என்று ஒரு நிம்மதி. கதவைத் திறந்து உள்ளே போனால் அவர் எங்களைப் பார்த்துச் சிரிப்பார், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். அவர் கோபப்படத் தெரியாத மனுஷனல்லவா!

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணி போய்க் காலடியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சிருங்க. எனக்கு எப்படித் தெரியும்? நீங்க எடுத்துச் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

அவர் கையை உருவிக்கொண்டார்.

"சொன்னேனே" என்றார்.

அண்ணி நிமிர்ந்தாள்.

"சொன்னேனே! எத்தனை தடவை சொன்னேன்! குடிக்கலன்னு சொன்னேன். தொடலன்னு சொன்னேன். சங்கிலிய மாத்தலன்னு சொன்னேன்." குரல் ஏறிக்கொண்டே போனது. நான் பிறந்ததிலிருந்து அவர் அப்படிக் கத்திக் கேட்டதில்லை. சள்ளென்று விழுந்த கோபம் வேறு, இது வேறு. "ஒருத்தி பொறந்ததுலருந்து என்கூட இருக்கிறவ. ஒருத்தி இருபத்தஞ்சு வருஷமா என்கூட இருக்கிறவ. ரெண்டு பேருக்கும் நான் சொன்னது காதுல விழல. தராசு சொல்லிச்சு, பத்தர் சொன்னாரு, இந்தக் காகிதம் சொல்லிச்சு. உடனே ஆட்டோ புடிச்சு வந்துட்டீங்க!"

நான் ஏதாவது பேச வேண்டுமே என்று, "அண்ணா, பத்தர் போன் பண்ணினார். அதைத் தனியா உருக்கிச் சுத்தம் பண்ற எடம் இருக்காம். அதே மாடல்ல, அதே கொக்கி போட்டுச் செஞ்சு தர்றேன்னார்" என்றேன்.

"வேணாம். பணமா வாங்கிப் பொண்ணுக்கு மெஷின் வாங்கிக் குடு. இனிமே நான் எதையும் மாட்டிக் காட்ட மாட்டேன். என் கழுத்துல ஒண்ணுமே இல்லன்னாலும் நான் சொல்றது நெஜம்னு நம்பணும். நம்ப முடியாதவங்க போகலாம்" என்று கதவைக் காட்டினார். நீட்டிய கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை மறைக்கவோ மடக்கவோ இல்லை.

நான் போய் அண்ணி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அண்ணியும் நானும் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.